மின்பொறியியலுக்கு ‘இரண்டும் இரண்டும் நான்கு’ என்பவர்களிடம் ஒரு கேள்வி

ஓம்விதி:
கல்லூரிக் கட்டணம் பற்றிய இழையில் சேமிப்புச்செல்வன் அவர்கள் நேற்று அருளியது இது: “கலிஃபோர்னியாவில் கட்டணம் குறைந்த கம்யூனிட்டி கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறி அங்கே இரண்டு ஆண்டு, மின்பொறியியல் பட்டம் கையில். முதல் ஆண்டிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ப்பவர்கள் காசைக் கரியாக்குகிறார்கள்.” கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த முதல் இரண்டு ஆண்டில், மின்சுற்றுகளைக் கற்பிக்கும் சர்க்யூட் பாடம் எந்தப் பருவத்தில் வருகிறது? ஆய்வகத்தோடு.

வரலாறோ பொருளாதாரமோ படிக்கிற பிள்ளைக்கு உங்கள் கணக்கு பொருந்தலாம். மின்பொறியியல் அப்படி இல்லை. கால்குலஸ் இல்லாமல் இயற்பியலில் மின்னும் காந்தமும் எடுக்க முடியாது. அதை முடிக்காமல் சர்க்யூட்டில் உட்காரவிடமாட்டார்கள். பல இடங்களில் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் முன்பே முடித்திருக்க வேண்டும், அல்லது கூடவே எடுக்க வேண்டும். இவ்வளவும் கைகூடி வரும்போது, அந்தப் பாடம் அந்தப் பருவத்தில் நடக்க வேண்டுமே! பல கம்யூனிட்டி கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருமுறைதான் அதை நடத்துகிறார்கள். மின்பொறியியலைப் பற்றி எழுதுபவர் மின்பொறியியல் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லைதான்.

சேமிப்புச்செல்வன்:
கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பாட அலகுக்கு, 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். முதல் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து. இதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு ஆய்வகத்துக்கு வருவோம். என் மகன் டி ஆன்சா கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்கி சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் முடித்தான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான். எங்கே தொடங்கினான் என்று பட்டச் சான்றிதழில் யாரும் அச்சடிப்பதில்லை.

ஓம்விதி:
டி ஆன்சா காலாண்டு முறைக் கல்லூரி ஐயா. அங்கே காலாண்டு யூனிட், விலை 31 டாலர், தேவை 90 யூனிட். 46 என்பது அரையாண்டு முறைக் கல்லூரிகளுக்கு. மகன் படித்த கல்லூரியின் கட்டணமே தெரியாதவர் ஊருக்குக் கட்டணம் சொல்கிறார். இருக்கட்டும். மகன் சர்க்யூட்டை எப்போது எடுத்தார்?

சேமிப்புச்செல்வன்:
31-ஐ 90-ஆல் பெருக்குங்கள். 2,790. முப்பது டாலர் வித்தியாசத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

ஓம்விதி:
பெருக்கத் தெரியும். சர்க்யூட் எப்போது?

மில்பிடாஸ் மங்கை:
லிவர்மோர் கோயில் பிரகாரத்தில் “பெண் எங்கே படிக்கிறாள்” என்று கேட்டுவிட்டு, கம்யூனிட்டி கல்லூரி என்றதும் குரலைத் தாழ்த்தி “அதனால் என்ன, பரவாயில்லை” என்று துக்கம் விசாரிக்கிற கூட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஓம்விதி அவர்களின் எழுத்தில் அந்தக் குரல் கேட்கிறது. மாநிலமே 1960-ல் திட்டம் தீட்டி, கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியை வகுத்து வைத்திருக்கிறது. குறுக்குவழி ஒன்றுமில்லை.

என் மகள் உயர்நிலைப் பள்ளியிலேயே ஏபி கால்குலஸ் பிசி என்கிற கல்லூரி அளவுப் பாடத்தை முடித்தவள். முதல் பருவத்திலேயே பல்மாறிக் கால்குலஸும் விசையியலும். அடுத்த பருவத்தில் மின்னும் காந்தமும். இரண்டாம் ஆண்டில் சர்க்யூட். எங்கே இடிக்கிறது? தவிர, சர்க்யூட் இல்லாமலும் சில பல்கலைக்கழக வளாகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. கட்டாயம் வேறு, பரிந்துரை வேறு. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று அசிஸ்ட் இணையதளத்தில் வளாகம் வாரியாகப் போட்டிருக்கிறார்கள். எழுதுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

ஓம்விதி:
அம்மா, சேர்த்துக்கொள்வார்கள். அதையா கேட்டேன்? சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. மூன்றாம் ஆண்டு மாணவி என்று பெயர் இருக்கும். உட்காருவது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு, சர்க்யூட் வகுப்பில். அது முடியும்வரை மின்னணுவியலும் திறக்காது, சிக்னல்ஸும் பல இடங்களில் திறக்காது. அவை முடியாமல் நான்காம் ஆண்டுத் திட்டப்பணி கிடையாது. ஒரு பாடத்துக்காக ஒரு முழு ஆண்டு போகும், அதுவும் பல்கலைக்கழகக் கட்டணத்தில். சேமிப்புச்செல்வன் மிச்சம் பிடித்த காசு அங்கேதான் போய்ச் சேரும்.

“இணையவழியில் எடுத்துவிட்டோம்” என்று அடுத்து ஒருவர் வருவார். அதற்காகத்தான் ஆய்வகத்தோடு என்று முதலிலேயே எழுதினேன். நான் வேலைக்கு ஆள் எடுக்கிற மேசையில் உட்காருகிறவன். திரையில் தெவனின் சமனியை, அதாவது பெரிய சுற்றை ஒரு மின்மூலமும் ஒரு தடையுமாகச் சுருக்குவதை, அழகாகப் போட்டுக் காட்டும் பிள்ளைகள் வருகிறார்கள். ஆப்-ஆம்ப் என்கிற பெருக்கிச் சில்லு ஒன்றும் அதைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டும் கொடுத்தால், அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை வெளியீட்டு முனையிலேயே மாட்டிவிட்டு, அலை ஏன் தட்டையாகக் கிடக்கிறது என்று குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள். வெளியீட்டையே தரையில் இணைத்துவிட்டோம் என்பது உறைக்கவே கால் மணி நேரம் ஆகிறது.

பிரெட்போர்டு22:
வணக்கம். நான் இப்போது கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. என் கல்லூரியில் ஆள் சேரவில்லை என்று சர்க்யூட் வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். வளைகுடாவின் எதிர்க்கரையில் உள்ள இன்னொரு கல்லூரியில் அதே பாடம் நடக்கிறது, அங்கே பதிந்துகொண்டேன். வியாழன் இரவு ஆய்வகம். டம்பார்ட்டன் பாலத்தில் நெரிசல்தான் தொல்லை, மற்றபடி சிக்கல் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான விண்ணப்பம் நவம்பர் கடைசிக்குள் போட வேண்டும். அடுத்த பருவத்தில் எடுக்கப்போகும் பாடங்களையும் அதிலேயே எழுதலாம், மதிப்பெண்ணை ஜனவரியில் புதுப்பிக்கலாம்.

இன்னொன்று. பொதுக்கல்விப் பாடங்கள் அனைத்தையும் முதலில் முடித்துவிடு என்று யாராவது சொன்னால் மின்பொறியியல் மாணவர்கள் கேட்க வேண்டாம். எங்களுக்குக் கணிதம், இயற்பியல், நிரலாக்கம்தான் முதலில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், சான்டா குரூஸ் வளாகங்கள் இரண்டுக்கும் இடையில் தயங்குகிறேன். இங்கே படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஓம்விதி:
பார்த்தீர்களா! ரத்து செய்துவிட்டார்கள்! ஒரு மாணவனே வந்து சாட்சி சொல்கிறான். இதைத்தான் காலையிலிருந்து தொண்டை வரளக் கத்துகிறேன்.

பிரெட்போர்டு22:
சார், நான் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு ஆண்டில் முடிந்துவிடும்.

ஓம்விதி:
பாலம் தாண்டிப் போய் எடுக்கிறாய் தம்பி. சேமிப்புச்செல்வனின் கணக்கில் அந்தப் பாலத்துச் சுங்கம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்.

மில்பிடாஸ் மங்கை:
பையன் முடியும் என்கிறான், நீங்கள் அதையே முடியாததற்குச் சாட்சியாக்குகிறீர்கள். வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

சேமிப்புச்செல்வன்:
கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களுக்கு இடம் உண்டு என்று எழுத்திலேயே உறுதி கொடுக்கின்றன. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ். இதையும் ஓம்விதி மறைப்பார்.

ஓம்விதி:
எல்லாப் பிரிவுக்குமா உறுதி? பொறியியல் என்றதும் வளாகத்துக்கு வளாகம் நிபந்தனை மாறுகிறதே, அந்தப் பத்தியை யார் மறைத்தார்கள்? பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதை யார் மறைத்தார்கள்?

சேமிப்புச்செல்வன்:
பெர்க்லி என்றதும் நினைவு வருகிறது. ஆப்பிளை நிறுவிய ஸ்டீவ் வோஸ்னியாக் டி ஆன்சாவில் படித்துவிட்டு பெர்க்லிக்குப் போனவர். அவரும் உங்கள் மேசைக்கு வந்திருந்தால் கிரவுண்ட் கிளிப்பைக் காட்டித் துரத்தியிருப்பீர்கள்.

ஓம்விதி:
அருமை. பெர்க்லிக்குப் போனது 1971. பட்டம் வாங்கியது 1986. இதுதான் உங்கள் இரண்டும் இரண்டும் நான்கா?

மில்பிடாஸ் மங்கை:
இடையில் அவர் கணினி செய்துகொண்டிருந்தார் ஐயா!

கோவை டிப்ளமோ:
அமெரிக்காவில் இருப்பவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கச் சுவையாக இருக்கிறது. நாங்கள் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்து, காரைக்குடி கலந்தாய்வு வழியாக நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள். சர்க்யூட் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்கள் மெகரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கும்போது, மோட்டாரின் இன்சுலேஷனைச் சோதித்து ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். ஓம்விதி சார் தேடுகிற ஆட்கள் நாங்கள்தான். எங்களை மட்டும் எந்த நிறுவனமும் முதல் வரிசையில் உட்கார வைக்காது.

ஓம்விதி:
வரவேற்கிறேன். கை வேலையில் உங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் நேரே இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்கள் மூன்றாம் பருவத்தில் ஃபூரியர் தொடரைப் பார்த்து என்ன பாடுபட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். என் அறைத்தோழர்களே இருவர் டிப்ளமோ.

கோவை டிப்ளமோ:
அரியர் வைக்காமல் முடித்தவன் நான். உங்கள் அறைத்தோழர்களின் சோம்பலுக்கு நான் பொறுப்பல்ல. “டிப்ளமோக்காரன்” என்று ஒருமையில் பேசிய வாய்கள் இன்னும் மாறவில்லை போலிருக்கிறது.

ஓம்விதி:
நான் ஒருமையில் எங்கே பேசினேன்? மேலே ஏறிப் படியுங்கள். சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது இந்தக் குழுவில் ஒரு தொற்று. சேமிப்புச்செல்வன் தொடங்கி வைத்தது. 2023 ஏப்ரல் 14-க்குள் சூரிய மின்தகட்டுக்கு விண்ணப்பம் போட்டால் உபரி மின்சாரத்துக்குக் கூடுதல் விலை தந்த பழைய நெட் மீட்டரிங் விகிதம் கிடைக்கும் என்று நான் இங்கே எழுதியபோது, “அவசரப்படாதீர்கள், தகட்டின் விலை இன்னும் இறங்கும்” என்று அறிவுரை வழங்கியவர் இவர். அதை நம்பிக் காத்திருந்தவர்கள் இன்று கம்பத்துக்கு அனுப்புகிற மின்சாரத்துக்குச் சில்லறை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இழையையும் தேடிப் படிக்கலாம்.

சேமிப்புச்செல்வன்:
தகட்டின் விலை இறங்கும் என்றுதான் சொன்னேன். இறங்கியதா இல்லையா? பேட்டரியோடு போடுங்கள் என்றும் அதே பதிவில் இருக்கிறது. பாதியை வெட்டிப் படிப்பவரோடு என்ன பேசுவது?

ஓம்விதி:
பேட்டரியின் விலையையும் அதே பதிவில் சொல்லியிருக்கலாம். சரி, மகன் சர்க்யூட் எடுத்த பருவம்?

சேமிப்புச்செல்வன்:
என் மகனின் மதிப்பெண் பட்டியலை உங்களுக்குக் காட்ட வேண்டிய கடமை எனக்கு இல்லை.

ஓம்விதி:
பட்டியலை யார் கேட்டது? பருவத்தை மட்டும் கேட்டேன். இலையுதிரா, வசந்தமா? ஒரு சொல். காலையிலிருந்து வரவில்லை. ஏன் வரவில்லை என்று கைதட்டியவர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

மில்பிடாஸ் மங்கை:
முன்பெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக் கணிதத்தையே மறுபடி எடுக்க வைத்துப் பருவங்களை விழுங்கினார்கள். 2017-ல் ஏபி 705, 2022-ல் ஏபி 1705 என்று இரண்டு மாநிலச் சட்டங்கள் வந்து அதைப் பெருமளவு கட்டுப்படுத்திவிட்டன. நீங்கள் இன்னும் பழைய காலத்துக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஓம்விதி:
அந்தச் சட்டம் பிள்ளையைக் கால்குலஸ் வகுப்பில் உட்கார வைக்கும். தேர்ச்சி பெற வைக்குமா? அடித்தளம் இல்லாமல் நேரே கால்குலஸில் தள்ளுவது நல்லதா என்று கணித ஆசிரியர்களே அடித்துக்கொள்கிறார்கள். சட்டம் போட்டுச் சர்க்யூட் வகுப்பை ஆண்டுக்கு இருமுறை நடத்தச் சொல்லுங்கள், நான் வந்து கைதட்டுகிறேன்.

பிரெட்போர்டு22:
டேவிஸ், சான்டா குரூஸ் பற்றி யாருக்காவது தெரியுமா? விண்ணப்பம் திறந்துவிட்டது.

கோவை டிப்ளமோ:
தம்பி, இவர்களிடம் கேட்காதே. ஓம்விதி சார், உங்களுக்கு ஒரு கேள்வி. இவ்வளவு பேசுகிறீர்களே, மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் தொடங்கிப் பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுகிற ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், ஸ்டாரில் தொடங்கும்போது மின்னோட்டம் டெல்டாவில் இருப்பதில் எத்தனை பங்காகும்?

ஓம்விதி:
சிறு பிள்ளைக் கேள்வி. ரூட் மூன்றில் ஒரு பங்காகும்.

கோவை டிப்ளமோ:
மூன்றில் ஒரு பங்கு! எங்கள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டுப் பையன் சொல்வான். சிப்பு வரைகிறவர்கள் மோட்டாரைத் தொட்டால் இப்படித்தான்.

ஓம்விதி:
மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளுக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் ரூட் மூன்றில் ஒன்று. ஆகவே அந்தச் சுருளில் ஓடும் மின்னோட்டமும் ரூட் மூன்றில் ஒன்று. ஓம் விதி. என் பெயரே அதுதான்.

கோவை டிப்ளமோ:
ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை, மோட்டாருக்கு வரும் சப்ளை ஒயரில் மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மூன்றில் ஒன்று. நான் கண்ணால் பார்த்தவன்.

சேமிப்புச்செல்வன்:
ஆய்வகத்தோடு படித்தவருக்கே விடை தவறுகிறதா? நல்ல வேளை, என் மகன் உங்கள் மேசைக்கு வரவில்லை.

ஓம்விதி:
என் விடை தவறு இல்லை. இன்று இரவே படம் வரைந்து, வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் அம்புகளாகக் காட்டும் பேசர் போட்டு, வரி வரியாக எழுதிப் பதிவிடுகிறேன். அதுவரை யாரும் இழையை மூட வேண்டாம்.

கோவை டிப்ளமோ:
படம் வேண்டாம். கிளாம்ப் மீட்டரின் புகைப்படம் போடுங்கள்.