பழைய பூதப் படங்களுக்கு மரியாதை செய்த எபிசோடுகள்: உங்கள் அனுபவம் என்ன?

இராவிழிப்பான்

நெடுந்தொடர்களில் சில நேரம் கதையைச் சற்று ஓரங்கட்டிவிட்டு, டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன் வகையறாவுக்காகவே ஒரு எபிசோடு எடுப்பார்கள். அப்படி நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். கதைச்சுருக்கம் எங்கும் கிடைக்கும். பார்க்கும்போது உங்களுக்குள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். முடிவை மறைக்க வேண்டியதில்லை, எல்லாம் பழைய சரக்குதான்.

நானே தொடங்குகிறேன். 'சூப்பர்நேச்சுரல்' தொடரின் நான்காவது சீசன், ஐந்தாவது எபிசோடு. பெயர் 'மான்ஸ்டர் மூவி'. 2008 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. எழுதியவர் பென் எட்லண்ட், இயக்கியவர் ராபர்ட் சிங்கர். அந்த சீசனில் தேவதூதர்கள், முத்திரைகள், உலக அழிவு என்று ஏகப்பட்ட பாரம். பேய் வேட்டையாடும் அண்ணன் தம்பிதான் தொடரின் நாயகர்கள்; அண்ணன் டீன் நரகத்திலிருந்து மீண்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. அந்தச் சுமையின் நடுவே திடீரென்று முழு எபிசோடும் கறுப்பு வெள்ளை. பழைய பாணி வார்னர் பிரதர்ஸ் முத்திரை, இடி, மழை. பென்சில்வேனியாவுக்கு வரவேற்கும் பலகை மின்னல் வெட்டும்போது மட்டும் டிரான்சில்வேனியா என்று காட்டுகிறது. நடுவில் இடைவேளை அட்டை வேறு! இடைவேளை இல்லாமல் படமே பார்த்திராத நமக்கு அது பழகிய விஷயம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அதைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பீர்த் திருவிழா நடக்கும் ஊரில் கழுத்தில் பல் தடத்தோடு ஒரு பிணம். பிறகு ஓநாய் மனிதன், பிறகு மம்மி. அண்ணன் தம்பி இருவரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் அவர்கள் நிஜத்தில் வெட்டிய இரத்தக்காட்டேரிகள் எவரும் மேலங்கி போட்டுக்கொண்டு திரிவதில்லை. மம்மி வந்த பெட்டியைத் திறந்து பார்த்தால் அது நாடகச் சாமான் செய்யும் நிறுவனத்தின் தயாரிப்பு. உள்ளே ஒரு வாளியில் உலர்பனிக்கட்டி. அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. கொல்ல வருகிற பூதம் தனக்கான புகையையும் தானே சுமந்து வருமா? இவன் கொலைகாரன் மட்டுமல்ல, நடிகன். கலை இயக்குநரும் அவனே.

டிராகுலா ஸ்கூட்டரில் தப்பிக்கிறான். வீட்டு வாசலில் பீட்சா கொண்டுவந்த பையனிடம் பூண்டு போட்டிருக்கிறதா என்று மிரட்டிக் கேட்கிறான், தள்ளுபடிக் கூப்பனை நீட்டுகிறான். இதுவரை நகைச்சுவை. அதற்குப் பிறகுதான் அந்த உருமாறி, அதாவது நினைத்த உருவம் எடுக்கும் பூதம், தன் கதையைச் சொல்கிறான். பெற்ற தகப்பனே அவனை அரக்கன் என்று சொல்லி மண்வெட்டியால் அடித்திருக்கிறான். எங்கும் இடமில்லாத சிறுவனுக்குப் பழைய படங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றிலிருந்த அரக்கர்களைக் கண்டு எல்லாரும் நடுங்கினார்கள்; கம்பீரமாக இருந்தார்கள்; அழகாகவும் இருந்தார்கள். டாட் ஸ்டாஷ்விக் இந்த இடத்தைக் கேலியே கலக்காமல் நடித்திருக்கிறார். டீனை ஹார்க்கர் என்றும், மதுக்கடையில் வேலை செய்யும் ஜேமியை மினா என்றும், டிராகுலா கதையின் பாத்திரப் பெயர்களால் விடாமல் அழைக்கிறானே, அது பைத்தியம் அல்ல. தனக்கு விதிக்கப்பட்ட அசிங்கமான கதைக்குப் பதிலாகத் தான் நேசித்த கதையை நடத்திப் பார்க்கிறான். ஜேமியின் கையால் வெள்ளிக் குண்டு பட்டுச் சாகும்போதும் 1933ஆம் ஆண்டு 'கிங் காங்' படத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறான்.

அவன் நம்மைப் போன்ற ரசிகன். எனக்குப் பட்டது இதுதான்.

கார்லாஃப் ரசிகை

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு குறையைச் சொல்லியே தீர வேண்டும். அந்த எபிசோடு வணங்குவது 1931ஆம் ஆண்டு 'டிராகுலா'வை அல்ல, அதைப் பற்றி ஊரில் உலவும் நினைப்பை. டாட் பிரவுனிங் இயக்கிய அந்தப் படத்தை இப்போது போட்டுப் பாருங்கள். பெலா லுகோசி ஒரு காட்சியில்கூடக் கோரைப்பல்லைக் காட்டுவதில்லை. தொடக்கத்தில் 'ஸ்வான் லேக்' கொஞ்சம் ஒலிக்கும். அதன் பிறகு பின்னணி இசை ஏறக்குறைய இல்லவே இல்லை. படிக்கட்டில் அவர் இறங்கி வருகிறபோது நிலவும் வெறுமைதான் பயமுறுத்துகிறது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு அந்த மௌனத்தை நம்பும் துணிச்சல் வராது, இடி முழக்கத்தைக் கொட்டி நிரப்பிவிடுவார்கள்.

என் பங்குக்கு 'தி எக்ஸ் ஃபைல்ஸ்'. ஐந்தாவது சீசனில் 'தி போஸ்ட் மாடர்ன் புரோமிதியஸ்', 1997 நவம்பர் 30. தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரே எழுதி இயக்கியது, இதுவும் கறுப்பு வெள்ளை. ஜேம்ஸ் வேல் எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' இவருக்கு வெறும் அலங்காரம் அல்ல. தீப்பந்தத்தோடு துரத்தும் ஊர்க்கூட்டம், ஆய்வுக்கூடம், மின்னல், எல்லாவற்றையும் காட்சி காட்சியாகப் படித்திருக்கிறார். விஞ்ஞானிக்குப் பெயர் பொலிடோரி. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதிய மேரி ஷெல்லியோடு இருந்து, பின்னர் 'தி வாம்பயர்' கதையை எழுதிய மருத்துவரின் பெயர் அது. கலை இயக்கத்துக்கு எம்மி விருதும் கிடைத்தது, நியாயமான விருது.

இரண்டு முகங்கள் கொண்ட மியூட்டாட்டோ என்ற பூதமாக கிறிஸ் ஓவன்ஸ். அவ்வளவு ஒப்பனைக்குள்ளிருந்தும் அந்தக் கண்கள் பேசுகின்றன. அவனுக்குப் பாடகி ஷெர் என்றால் உயிர். கடைசியில் அவனைக் கைது செய்து கொண்டுபோக வேண்டிய கட்டத்தில், கதை இப்படி முடியக் கூடாது, எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்கிறார் துப்பறியும் நாயகன் மல்டர். உடனே வண்டிகள் ஷெர் பாடும் அரங்குக்குப் போகின்றன. மல்டரும் அவருடைய கூட்டாளி ஸ்கல்லியும் ஆடுகிறார்கள்.

முதல்முறை பார்த்தபோது அழுதேன். பல ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அரங்கக் காட்சி வந்ததும் அவள் கேட்டாள்: "அம்மா, மயக்க மருந்து கொடுத்து அந்தப் பெண்களைக் கருத்தரிக்க வைத்தார்களே, அது என்ன ஆயிற்று?" என்னிடம் பதில் இல்லை, எபிசோடிடமும் இல்லை. பெண்களின் உடலுக்கு நடந்த வன்முறையைத் தேவதைக் கதையின் பஞ்சு மெத்தையில் வைத்து மூடிவிடுகிறார்கள். வேலின் படத்தில் சிறுமி ஏரியில் மூழ்கிச் சாகிறாள். பூதத்தின்மேல் நமக்கு இரக்கம் வருகிறது, ஆனால் அவளைத் தூக்கிக்கொண்டு தகப்பன் தெருவழியே நடந்து வருவதையும் வேல் நம்மைப் பார்க்க வைக்கிறார். அந்தக் கண்டிப்பு கார்ட்டரிடம் இல்லை. இராவிழிப்பானின் உருமாறிக்கும் இதையே கேட்பேன். அவன் ரசிகன்தான், சரி. கழுத்தில் பல் பட்டுச் செத்தவள்?

பழைய பெட்டிக்காரன்

நீங்கள் இருவரும் சொல்வது நடிகர்கள் வேடம் கட்டியது. அசல் ஆட்களே திரும்பி வந்து நடித்த எபிசோடு ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே!

'ரூட் 66' என்ற தொடர். இரண்டு இளைஞர்கள் காரில் அமெரிக்கா முழுவதும் சுற்றுவார்கள். பேய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 1962 அக்டோபர் 26 அன்று வந்த எபிசோடில் போரிஸ் கார்லாஃப், பீட்டர் லோரி, லான் சேனி ஜூனியர் மூவரும் தங்கள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். எழுதியவர் ஸ்டிர்லிங் சிலிஃபன்ட். சிகாகோ விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஓட்டல். பழைய பூதங்களுக்கு இந்தக் காலத்து மனிதர்கள் இன்னும் பயப்படுவார்களா என்று கிழவர்கள் வாதாடுகிறார்கள். அதே ஓட்டலில் செயலாளர் வேலை பார்க்கும் பெண்களின் மாநாடு, சோதனை அவர்கள்மீது. சேனி ஓநாய் முகத்தோடு கிளம்புகிறார்.

கதை ஒன்றும் பிரமாதம் இல்லை, சில இடங்களில் அசடு வழிகிறது. ஆனால் கார்லாஃபுக்கு அப்போது 74 வயது. ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக அவர் மூன்று படங்களில் நடித்தார், மூன்றாவது 1939இல். இனி அந்த வேடம் வேண்டாம் என்று ஒதுங்கியவர், 23 ஆண்டுகள் கழித்து ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகத் தட்டைத் தலையோடு நிற்கிறார். முகம் ஒட்டிப்போயிருக்கிறது. சேனி கூனன் வேடமும் போடுகிறார். 1923இல் அவருடைய அப்பா போட்டுப் புகழ்பெற்ற வேடம் அது. அப்பாவின் நிழலிலேயே காலம் தள்ளிய மகன், 56 வயதில் அதை மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கூத்தில் வயதான வாத்தியார் ஓர் இரவுக்கு மட்டும் முடி தரித்து வருவாரே, அந்த மாதிரி.

அந்த வயதில் அவர்களை யார் தேடினார்கள் என்று கேட்கலாம். 1957இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்களில் 52ஐ 'ஷாக்' என்ற பெயரில் கட்டாகக் கட்டி அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றார்கள். அவை வெளியானபோது பிறந்தே இராத பிள்ளைகள் இரவில் கண் விழித்துப் பார்த்து அவர்களை மறுபடி நட்சத்திரங்களாக்கினார்கள். ஆக, பிற்காலத்து எபிசோடுகள் கறுப்பு வெள்ளையில் நினைவுகூர்வது திரையரங்கை மட்டுமல்ல, வரவேற்பறைப் பெட்டியையும்தான். கார்லாஃப் ரசிகை அம்மா சொன்ன 'ஊரில் உலவும் நினைப்பு' பிறந்த இடமும் அதுதான் என்பது என் கணிப்பு.

இராவிழிப்பான்

ஐயா, இதைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அம்மா, உங்கள் கேள்வி சரிதான். செத்தவளைப் பற்றி எபிசோடு அதிகம் கவலைப்படவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: உருமாறியை எபிசோடு மன்னிக்கவில்லை, சாகவிடுகிறது. ஷெர் பாட்டுக்கு ஆட விடவில்லை.

நீலப்பெட்டி

பிரிட்டனின் அறிவியல் புனைவுத் தொடரான 'டாக்டர் ஹூ' பற்றி யாரும் பேசாததால் வருகிறேன். 1975இல் 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்': கட்டுத்துணி சுற்றிய மம்மிகள், உள்ளே பார்த்தால் ரோபோக்கள். 1976இல் 'தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்': முழுக்க ஃபிராங்கன்ஸ்டைன் கதை, மீன்தொட்டி போன்ற கண்ணாடி மண்டைக்குள் மூளை. இரண்டாவதைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், பாதி காரணம் அதன் பின்கதை. டெரன்ஸ் டிக்ஸ் எழுதிய பிரதியில் உடலைத் தைத்துச் சேர்ப்பது ஒரு ரோபோ. தொடரின் பிரதிகளைத் திருத்தும் பொறுப்பில் இருந்த ராபர்ட் ஹோம்ஸ் அதைத் தூக்கிவிட்டு ஒரு கிறுக்கு விஞ்ஞானியை வைத்தார். டிக்ஸுக்குக் கோபம்; என் பெயரை எடுத்துவிட்டு உப்புச்சப்பில்லாத ஏதாவது ஒரு பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். எழுதியவர் 'ராபின் பிளாண்ட்' என்று திரையில் வருகிறது; 'பிளாண்ட்' என்றால் ஆங்கிலத்தில் உப்புச்சப்பில்லாதது.