சாயத் தண்ணீரைக் கிருமி தின்னுமா?

கண்மாய்க்கரையான்: காரைக்குடிப் பக்கம் கண்டாங்கிச் சேலை நூலுக்குச் சாயம் போடும் வீடு எங்களுடையது. கழிவுத் தண்ணீரை நுண்ணுயிர்த் தொட்டியில் சுத்தம் செய்து தென்னைக்கு விடலாமா? கரண்டு செலவு இல்லை என்கிறார்கள்.

உப்புக்கணக்கு: நிறம் போகும், உப்பு போகாது அண்ணே. ரியாக்டிவ் சாயம், அதாவது நூலோடு வேதிவினையில் ஒட்டும் சாயம், நூலில் ஏற லிட்டருக்கு 50 கிராம் உப்பு போடுகிறோம். அதில் ஒரு கல்லைக்கூட பாக்டீரியா தின்னாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அங்கேயும் பெரிய தலைவலி உப்புதான்.

புளித்தமாவு: அதற்காக நிறத்தை அப்படியே விட்டுவிடுவதா? ரியாக்டிவ் சாயத்தில் பெரும்பாலானவை ஆசோ என்ற வகை. ஆசோ சாயத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும். காற்றுப் புகாத தொட்டியில் பாக்டீரியா அந்தப் பிடியை அறுத்தால் நிறம் போய்விடும்.

உப்புக்கணக்கு: அறுத்தால் கிடைப்பது அரோமாட்டிக் அமீன் என்ற நிறமில்லாத வேதிப்பொருள். அதில் சில புற்றுநோய் தரும். தெளிந்த தண்ணீர் என்று நம்பி ஊற்றுவீர்கள்!

புளித்தமாவு: அதனால்தான் அடுத்து ஒரு தொட்டி, காற்று ஊதி. அமீனைத் தின்பது அங்கே வளரும் கூட்டம். எல்லா அமீனும் லேசில் மசியாது, அது உண்மை. கரண்டு செலவில்லை என்பதும் அந்தத் தொட்டியோடு போச்சு, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று, சாயத் தண்ணீர் காரம், பிஹெச் 10க்கு மேல் (7தான் நடுநிலை). அதைத் தணிக்காமல் விட்டால் கிருமி மொத்தமும் செத்துவிடும்.

கொட்டான்: அழகப்பச் செட்டியார் இடம் கொடுத்து 1953 முதல் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், இங்கேயே இருக்கிறது. மின்வேதியியல் ஊரில் கிருமியைத் தேடுகிறீர்களே! மின்முனை வைத்தால் அந்த உப்பிலிருந்தே குளோரின் வந்து நிறத்தை வெளுக்கும்.

உப்புக்கணக்கு: வெளுக்கும். கூடவே குளோரின் ஏறிய புதுக் கழிவும் வரும், உப்பும் கிடக்கும். சரி, அண்ணே, நீங்கள் போடுவது எந்தச் சாயம்?

கண்மாய்க்கரையான்: பாதி வாட், பாதி ரியாக்டிவ்.

உப்புக்கணக்கு: முதலிலேயே சொல்லியிருக்கலாம்! வாட் என்பது தண்ணீரில் தானாகக் கரையாத சாயம். அதற்கு உப்பு குறைவு, கரைக்கப் போடுவது காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்ற ஒடுக்கியும்தான். காற்றுப் பட்டால் மிச்சச் சாயம் கரையாத தூளாகி அடியில் படியும், வடித்து எடுக்கலாம். ரியாக்டிவில் உப்பு பெரும்பாலும் நூலுக்குச் சாயம் ஏற்றும் முதல் தொட்டித் தண்ணீரில்தான். அதைத் தனியாகப் பிடித்து வெயிலில் வற்ற வையுங்கள். அலசிய தண்ணீருக்குப் புளித்தமாவு சொன்ன இரண்டு தொட்டி போதும். ஆனால் தென்னைக்கு விடுமுன் உப்பை அளந்து பாருங்கள்.

கண்மாய்க்கரையான்: வெயிலுக்கு என்ன பஞ்சம். மாடியில் வற்றல் காயும் இடத்தைக் கேட்டால்தான் அம்மா அடிக்க வருவார்.

புளித்தமாவு: வற்றிய உப்பைக் கொல்லையில் கொட்டிவிடாதீர்கள். ஒரு மழை போதும், ஊருணிக்குப் போய்விடும்.