இடுப்பில் நிற்காத பாவாடை

குழு: சுங்கை சிப்புட் சொந்தங்கள்

புதன், மாலை 4:12

யாழினி: [படம்] பெரியம்மா, குரோஷே ஊசியில் (கொக்கி ஊசியில்) பாவாடை பின்னி முடித்துவிட்டேன், ஒன்பது உருண்டை நூல் தீர்ந்துவிட்டது. மஞ்சள், கத்தரிப்பூ, கிளிப்பச்சை, சிவப்பு, திரும்பவும் மஞ்சள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டுக்கொண்டு நாலு எட்டு வைத்தால் சரசரவென்று இறங்கிவிடுகிறது. சனிக்கிழமை பங்கோர் தீவுக்குப் போக வேண்டும் 😭

குமார்: இதுவா? காலையில் கொடியில் தொங்கியதைப் பார்த்துக் கோயில் தோரணம் என்று நினைத்தேன்.

யாழினி: நீ பேசாதே.

ஈப்போ அத்தை: நிறமெல்லாம் அள்ளுகிறது யாழினி. என்னமோ பெயர் சொன்னாயே?

யாழினி: சம்மர் ஸ்கர்ட், அத்தை.

மாமா: மலேசியாவில் நமக்கு ஏதம்மா தனியாக ஒரு சம்மர்? பன்னிரண்டு மாதமும் அதுதானே. போட்டால் வருடம் முழுக்கப் போடலாம்.

ஈப்போ அத்தை: இங்கே இப்போது மழை கொட்டுகிறது. இவர் சம்மர் பேசுகிறார்.

மாலை 4:40

பெரியம்மா: இடுப்புப் பட்டிக்கு என்ன போட்டாய்?

யாழினி: நீங்கள் சொன்ன கண்ணிதான். டபுள். ஆறு வரிசை.

பெரியம்மா: டபுள் போட்டால் தொளதொள என்று வராதே. பலகை மாதிரி நிற்குமே. கிட்டே வைத்துப் படம் எடு.

யாழினி: [படம்]

பெரியம்மா: இது டபுள் இல்லை. டிரெபிள்.

யாழினி: இல்லை பெரியம்மா, டபுள்தான். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் போட்டேன்.

பெரியம்மா: ஐம்பது வருடமாக ஊசி பிடிக்கிறேன். எனக்கு டிரெபிள் தெரியாதா?

குமார்: 🍿

கலா அக்கா: இருங்கள், இருங்கள். யாழினி, அந்த வீடியோவில் பேசுகிறவர் எந்த ஊர்?

யாழினி: அமெரிக்கா போல.

கலா அக்கா: அப்படியென்றால் இரண்டு பேரும் சொல்வது சரி. அமெரிக்காவில் டபுள் என்பதை இங்கிலாந்தில் டிரெபிள் என்பார்கள். அமெரிக்க சிங்கிள், இங்கிலாந்தில் டபுள். எல்லாமே ஒரு படி தள்ளி. செய்முறையில் சிங்கிள் என்ற சொல் வந்தால் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு என்று வைத்துக்கொள். இது தெரியாமல் என் மகனுக்குப் போட்ட முதல் தொப்பி பானையை மூடுகிற அளவுக்கு வந்தது.

பெரியம்மா: எனக்குச் சொல்லிக்கொடுத்தது ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரி நர்ஸ், மிஸ்ஸி என்போம். அவர் வெள்ளைக்காரத் துரை வீட்டு அம்மாவிடம் கற்றது. ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வந்து, மத்தியானம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து போடுவோம். அந்தக் காலத்திலிருந்து எனக்கு அது டபுள்தான்.

யாழினி: அப்போது எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பெரியம்மா: பெயரை விடு. ஊசியைக் கண்ணிக்குள் நுழைப்பதற்கு முன்னால் நூலை எத்தனை சுற்று சுற்றினாய்?

யாழினி: ஒரு சுற்று.

பெரியம்மா: அதான். நான் சொன்னதற்குச் சுற்றே கிடையாது. நேராக நுழை, நூலை வெளியே இழு, ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும், மறுபடி நூலைக் கோத்து இரண்டிலும் ஒரே இழுப்பு. குட்டையாக விழும், நெருக்கமாக விழும். ஒரு சுற்று போட்டால் உயரமாகும், நடுவில் சந்து விழும். பாவாடை உடம்புக்கு அது நல்லது, காற்று வரும். இடுப்புக்கு ஆகாது.

கலா அக்கா: சுற்று இல்லாதது, ஒரு சுற்று, இரண்டு சுற்று. இனி நம் வீட்டில் இப்படியே பேசுவோம்.

யாழினி: அப்போது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? 😭😭

பெரியம்மா: மேலேயிருந்து கீழே போட்டாயா?

யாழினி: ஆமாம்.

பெரியம்மா: அப்படியானால் பிரிக்காதே. கடைசியாக முடித்த முனையிலிருந்துதான் உருவ வரும். முதலில் போட்ட சங்கிலி வரிசைப் பக்கம் பிடித்து இழுத்தால் சிக்குத்தான் மிஞ்சும். ஆரம்பச் சங்கிலிக்கு மறுபக்கம் இருக்கிறது பார், அங்கே புது நூலை இணைத்து மேல்நோக்கிப் போடு. சுற்று இல்லாதது. கண்ணிக்குக் கண்ணி, கூட்டாதே, குறைக்காதே. எலாஸ்டிக் அகலத்துக்கு இரண்டு மடங்கும் கொஞ்சம் கூடவும் வந்ததும் உள்பக்கம் மடித்துத் தை. எலாஸ்டிக் நுழைய இரண்டு அங்குலம் தைக்காமல் விடு.

யாழினி: சங்கிலி 36 அங்குலம் இருக்கிறது, என் இடுப்பு 28. கண்ணியைக் குறைத்தால் எலாஸ்டிக்கே வேண்டாம் அல்லவா?

ஈப்போ அத்தை: குறைத்துவிட்டு எப்படி ஏற்றுவாய்? ஜிப்பும் இல்லை, பொத்தானும் இல்லை. பின்பக்கம் தாண்டி ஏற வேண்டாமா? 36 இருக்கட்டும். எலாஸ்டிக்கை 27 வெட்டி, ஒரு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்துவிடு.

மாமா: உள்ளே என்ன போடுவாள்? ஒரே ஓட்டையாக இருக்கிறதே.

யாழினி: சைக்கிள் ஷார்ட்ஸ்.

பெரியம்மா: என் வெள்ளைப் பருத்தி உள்பாவாடை இருக்கிறது, வெட்டிக்கொள். அதற்கு முன்னால் அந்தச் சிவப்பு நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். சாயம் ஒட்டினால் வெள்ளை வேண்டாம்.

வியாழன், இரவு 10:55

யாழினி: [படம்] ஒன்பது வரிசை ஆகிவிட்டது. விரல் காய்த்துவிட்டது. சிவப்பு ஒட்டவில்லை. ஆனால் பெரியம்மா, புதனன்று அளந்ததைவிடப் பாவாடை இரண்டு அங்குலம் நீளமாக இருக்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை.

பெரியம்மா: கொடியில் தொங்கவிட்டாய் அல்லவா. துவைத்துவிட்டா?

யாழினி: ஆமாம்.

பெரியம்மா: ஒன்பது உருண்டை என்றால் 450 கிராம். அதில் தண்ணீர் வேறு. பருத்தி தன் கனத்திலேயே இழுபடும். இனிமேல் துண்டில் சுருட்டிப் பிழிந்து, பாயில் விரித்துக் காயவை. இப்போது கீழ்க்கரையில் கடைசி மஞ்சள் வரிசைகளை மட்டும் உருவிவிடு. அந்தப் பக்கம் சுலபமாக வரும்.

கலா அக்கா: ஒரு இரவு தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் நான் கீழ்க்கரையையே முடிப்பேன். உனக்கு அது தானாக நடந்துவிட்டது.

வெள்ளி, மாலை 6:20

யாழினி: [காணொளி]

குமார்: அக்கா வீட்டுக்குள் பத்து நிமிடமாகக் குதித்துக்கொண்டிருக்கிறாள். பாவாடை நிற்கிறது. கீழ்வீட்டுக்காரர்தான் மேலே வந்துவிட்டார்.

ஈப்போ அத்தை: அழகு! லுமுட்டில் படகு ஏறும்போது கம்பியில் மாட்டிக்கொள்ளாமல் பார், ஒரு கண்ணி இழுத்தால் போச்சு.

பெரியம்மா: மஞ்சள் மிச்சம் இருக்கிறதா?

யாழினி: உருவியதும் சேர்த்து முக்கால் உருண்டை.

பெரியம்மா: தூக்கிப் போடாதே. தொலைக்காட்சி மேலே ஒரு விரிப்பு போடலாம்.

குமார்: பெரியம்மா, தொலைக்காட்சி இப்போது சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எங்கே விரிப்பது?

பெரியம்மா: ரைஸ் குக்கர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது.