இசட் 80 கிட் கட்டி முடித்தேன், திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை

உப்புவெளிப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று கிழமையாக இரவு இரவாக இருந்து ஒரு இசட் 80 கிட்டை, அதாவது அந்தப் பழைய 8 பிட் சிப்பை வைத்துக் கட்டும் சின்னக் கணினியை, பற்றவைத்து முடித்துவிட்டேன். ஒற்றைப் போட்தான். இசட் 80 சிபியு, புரோகிராம் எழுதியிருக்கும் 27சி512 ரொம், 32 கிலோபைட் ரம், மடிக்கணினியோடு சீரியலில் பேச 68பி50 சிப், கிளொக் துடிப்புக்கு 7.3728 மெகாஹேட்ஸ் கிறிஸ்டல். யூஎஸ்பி சீரியல் வயரால் மடிக்கணினியில் கொழுவி, டேர்மினல் மென்பொருளில் வேகம் 115200, 8 பிட், பரிட்டி இல்லை, 1 ஸ்டொப் பிட் என்று வைத்திருக்கிறேன். ரொம்மில் இருக்கும் பேசிக் மொழி தொடங்க வேண்டும். கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டுகிறது. ரீசெட்டை அழுத்தினாலும் அதே கதை.

பவர் எல்ஈடி எரிகிறது, எந்த ஐசியும் சுடவில்லை. ஐசி எல்லாம் சரியான திசையில்தான் இருக்கின்றன, முனையில் உள்ள அரைவட்ட வெட்டைப் பார்த்துத்தான் போட்டேன். போட்டைக் கவிழ்த்து வைத்து, ரொம் சொக்கெட்டிலிருந்து சிபியு சொக்கெட்டுக்கு ஒவ்வொரு கோடாக மல்டிமீட்டரால் தொட்டேன், எல்லாமே பீப் அடிக்கிறது. வீடு கடலுக்கு நூறு அடி. உப்புக்காற்று ஐசி கால்களைத் தின்றிருக்குமோ என்றும் ஒரு யோசனை.

ஒசிலோஸ்கோப் இல்லை. மல்டிமீட்டர் ஒன்றும் அப்பாவின் பழைய ரேடியோவும்தான் மேசையில் இருக்கின்றன.

வெள்ளவத்தை வயர்:

சிபியு போலியாக இருக்கும். பழைய சிப்பைச் சுரண்டிவிட்டு மேலே புதுப் பெயர் அடித்து விற்பது இப்போது நிறைய. இசட் 80ஐச் செய்த சைலொக் நிறுவனம் 2024இல் இந்த 40 கால் சிப்புக்குக் கடைசி ஓடர் எடுத்து நிறுத்திவிட்டது, அதற்குப் பிறகு சந்தையில் கிடப்பதை நம்ப முடியாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வேறொன்று தேடிப் போட்டுப் பாருங்க.

கிண்ணியா ரேடியோக்கடை:

தம்பி, அவசரப்பட்டுச் சிப் வாங்காதீங்க. முப்பது வருசமாக ரேடியோ, டிவி திருத்துகிறேன். முதல் நாளே ஐசியைக் குறை சொன்ன வேலைகளில் பெரும்பாலும் ஐசி நல்லாத்தான் இருந்திருக்கிறது.

நாலு இடத்தை அளந்து எழுதுங்க. மீட்டரை டிசியில் வைத்து, கறுப்பு வயரை சிபியுவின் 29ஆம் காலில், அதாவது கிரவுண்டில் பிடியுங்க. 11ஆம் கால் பவர். 6ஆம் கால் கிளொக். 26ஆம் கால் ரீசெட், பட்டனை அழுத்தும்போது பூச்சியத்துக்கு விழுந்து, விட்டதும் ஏற வேண்டும். 18ஆம் கால் ஹோல்ட் (HALT), சிபியு நின்றுவிட்டதா என்று காட்டுவது. கிளொக்கில் ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ் காட்டினால் அது ஓடுகிறது. 0 அல்லது 5 என்று அசையாமல் நின்றால் கிறிஸ்டல் பக்கம் பாருங்க.

ரேடியோவையும் சும்மா விடாதீங்க. ஏஎம்மில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துப் போட்டுக்குப் பக்கத்தில் பிடித்து ரீசெட்டை அழுத்துங்க. இரைச்சல் மாறினால் சிபியு ஏதோ செய்கிறது. 1975இல் ஒல்டேர் என்ற கிட் கணினிக்காரர்கள் இப்படி ரேடியோவில் பாட்டே வாசித்துக் காட்டினார்கள்.

உப்புவெளிப் பொடியன்:

நன்றி நானா. பவர் 4.31. கிளொக் 2.1. ரீசெட் நீங்க சொன்ன மாதிரியே விழுந்து ஏறுகிறது. ஹோல்ட் 0.1. ரேடியோ ரீசெட்டை அழுத்தும்போது "கர்ர்" என்று ஒரு நொடி கத்திவிட்டு, பிறகு ஒரே சீரான இரைச்சலாக நிற்கிறது.

கிண்ணியா ரேடியோக்கடை:

இரண்டு விசயம் தெரிந்துவிட்டது.

4.31 போதாது, இந்தச் சிப்புக்குக் குறைந்தது 4.5 வேண்டும். போன் சார்ஜரில் மெல்லிய வயர் போட்டிருப்பீங்க, தடித்த குட்டை வயராக மாற்றுங்க. ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

மற்றது ஹோல்ட். சும்மா இருக்கும்போது அந்தக் கால் 5 பக்கம் நிற்க வேண்டும். அது கீழே கிடக்கிறது என்றால் சிபியு ஓடிப்போய் ஒரு ஹோல்ட் கட்டளையில் முட்டி நிற்கிறது. செத்த சிப் பெரும்பாலும் அப்படி நிற்காது. ஆக, சிபியு வாசிக்கிறது, ஆனால் பிழையாக வாசிக்கிறது. ரொம்முக்கும் அதற்கும் இடையில்தான் கோளாறு.

வெள்ளவத்தை வயர்:

ரொம்மில் எழுதியதே பிழையாக இருக்கலாமே?

கிண்ணியா ரேடியோக்கடை:

இருக்கலாம், ஆனால் அதைக் கழற்றி வாசிக்க புரோகிராமர் என்ற கருவி வேண்டும், தம்பியிடம் இல்லை. முதலில் செலவில்லாததைப் பார்ப்போம்.

தம்பி, நீங்க சொக்கெட்டிலிருந்து சொக்கெட்டுக்குத்தான் பீப் பார்த்தீங்க. அது போட்டின் கோடுகள் நல்லது என்று மட்டும்தான் சொல்லும். ஐசியின் கால் சொக்கெட்டுக்குள் இறங்கியிருக்கிறதா என்று சொல்லாது. பவரைக் கழற்றிவிட்டு, ஒரு முனையைச் சிபியுவின் காலில், அது உடம்பிலிருந்து வெளியே வளைகிற தோளில் மேலிருந்து வையுங்க. மறுமுனையையும் அதே மாதிரி ரொம்மின் தோளில். டேட்டா கோடு எட்டுத்தான், டி0 முதல் டி7 வரை. ரொம்மில் 11, 12, 13, அப்புறம் 15 முதல் 19 வரை. சிபியுவில் வரிசை கோணல், டி0 தொடக்கம் முறையே 14, 15, 12, 8, 7, 9, 10, 13.

உப்புவெளிப் பொடியன்:

கண்டுபிடித்தாச்சு! ஏழு பீப், ஒன்று ஊமை. ரொம்மின் 19ஆம் காலும் சிபியுவின் 13ஆம் காலும். டி7.

மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, மேசையில் கன்னத்தை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எல்லாக் காலும் சொக்கெட்டுக்குள் நேராக இறங்க, அந்த ஒன்று மட்டும் ரொம்மின் வயிற்றுக்கு அடியில் மடிந்து, சம்மணம் போட்ட மாதிரி இருக்கிறது. அழுத்திப் போட்டபோது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது, நல்லா இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கிண்ணியா ரேடியோக்கடை:

அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். புது ஐசியின் கால்கள் அகன்றே வரும். போட முன் ஐசியைச் சரித்து, ஒரு வரிசைக் காலை மேசையில் வைத்து மெல்ல உள்ளே அழுத்தி நேராக்க வேண்டும்.

கணக்கும் பொருந்துகிறது. ஹோல்ட் கட்டளை பதினாறடி எண்ணில் (ஹெக்ஸ்) 76. எஃப்6 என்ற பைட்டில் டி7 பூச்சியமாக விழுந்தால் அதுவும் 76தான். பல ரொம்கள் எஃப்3 என்று தொடங்கும், அது 73 ஆகி முதல் அடியிலேயே வேறு கட்டளை. அறுந்த கோடு ஒரே பக்கம் நிற்காது, ஒருமுறை 0, ஒருமுறை 1. அப்படித் தடுமாறிக் கடைசியில் ஒரு 76இல் விழலாம்.

காலை நிமிர்த்தும்போது ஒரே முறை, தட்டையான சாமணத்தால். இரண்டு மூன்று முறை மடித்தால் முறிந்துவிடும். முறிந்தாலும் பயப்படாதீங்க. வேறொரு 28 கால் சொக்கெட்டில் ரொம்மைப் போட்டு, மிச்சத் துண்டுக்கும் அந்தச் சொக்கெட்டின் காலுக்கும் ரெசிஸ்டரில் வெட்டிய ஒரு கம்பித் துண்டைப் பற்றவைத்துவிட்டு, சொக்கெட்டோடு சேர்த்துப் போட்டில் இறக்குங்க.

உப்புவெளிப் பொடியன்:

முறியவில்லை. வயரும் மாற்றினேன், இப்போது 4.92. ஹோல்ட் மேலே நிற்கிறது. ஆனால் திரையில் கேள்விக்குறியும் பெட்டியும் கிறுக்கலும்தான் வருகின்றன.

திருமலை மின்வெட்டு:

டேர்மினல் வேகம் இப்போது என்ன?

உப்புவெளிப் பொடியன்:

ஐயோ. நேற்று இரவு 9600ஐயும் முயன்று பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

திருமலை மின்வெட்டு:

அந்தக் கிறிஸ்டல் 7.3728 என்று விசித்திரமாக இருப்பதே இதற்குத்தான். 68பி50 அதை 64ஆல் பிரிக்கும், சரியாக 115200. வேறு வேகத்தில் கேட்டால் கிறுக்கல்தான்.

உப்புவெளிப் பொடியன்:

வந்துவிட்டது!! புதிதாகத் தொடங்கவா (சி), விட்ட இடத்திலிருந்தா (டபிள்யூ) என்று கேட்டது, சி அழுத்தினேன். மெமரி அளவு கேட்டதற்கு வெறும் என்டர். மைக்ரோசொப்ட், 1978 என்று ஒரு வரி விழுந்தது. நான் பிறக்கவே இல்லாத வருசம். இரண்டும் இரண்டும் கூட்டச் சொன்னேன், 4 என்றது.

நானா, போலிச் சிப்பும் இல்லை, உப்புக்காற்றும் இல்லை, என் பெருவிரல்தான். வெள்ளவத்தை அண்ணன் கோபிக்க வேண்டாம்.

வெள்ளவத்தை வயர்:

கோபமெல்லாம் இல்லை. நானும் என் ரொம்மைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உப்புவெளிப் பொடியன்:

இன்னொன்று. பேசிக்கில் ஒரு வெறும் சுற்று (லூப்) ஓடவிட்டு ரேடியோவைப் பக்கத்தில் வைத்தேன், சுற்றை மாற்றினால் சுருதியும் மாறுகிறது. அப்பா இரவுச் செய்தி கேட்க ரேடியோவைத் தேடுகிறார். எனக்கு இன்னும் அரை மணி நேரம் வேண்டும்.