அக்காவின் மகனுக்கு என்று சொல்லிவிட்டேன்

உவர்மலைப் பெடியன்:

கட்டப் போகிறவரிடம் இந்த மாதிரி ரயில் பைத்தியத்தை எப்படிச் சொன்னீர்கள் என்று நம் குழுவில் ஒருவரும் எழுதவில்லை. சரி, நானே தொடங்குகிறேன். கல்யாண எழுத்து முடிந்து ஏழு மாதம். ஆவணியில் கல்யாணம். என் பின்னறை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டடிக்கு நாலடி பிளைவுட், மேலே ஓஓ அளவு மாதிரி ரயில் பாதை, ரெஜிஃபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் செதுக்கிய கோணேசர் மலை, பாதியில் நிற்கும் நம் திருகோணமலைப் பாதையின் சீனக்குடா ஸ்ரேசன். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. பைக்கில் விழுந்த கதை சொன்னேன், கொழும்பில் அறை எடுத்து இருந்த கதை சொன்னேன், ஏ.எல். இரண்டாம் முறை எடுத்ததைக்கூடச் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு பார்சல் வந்தது. அன்றைக்கென்று அவளும் வீட்டில் நிற்கிறாள். பெட்டியின் மேலேயே எஞ்சின் படம். "இது ஆருக்கு?" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அக்காட மகனுக்கு."

அக்காவின் மகனுக்குச் சித்திரையில் ஆறு வயது. அவள் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பற்றரி ரயில் வாங்கி வந்திருந்தாள். சிவப்பு பிளாஸ்ரிக், புகைபோக்கியில் லைட் எரியும். கேக் வெட்டி முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ரயில் எண்டா உசிராமே" என்று கையில் கொடுத்தாள். அவன் பெட்டியைக் கிழித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினான். "எனக்கு ரயில் வேணாம் மாமி. டைனோசர்தான் வேணும். ரயில் மாமாட. தொட்டா ஏசுவார்."

இருபது பேருக்குக் கேட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையில் ரோல்ஸ் தட்டு. அவனிடம் "ஓம், அப்பிடியா" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பெட்டிக்குள் வைத்து, கிழிந்த மூலையை விரலால் நீவி நீவி ஒட்டப் பார்த்தாள். அது ஒட்டவில்லை. திரும்பவும் நீவினாள்.

மூன்று வாரம் ஆகிறது. தினமும் இரவு கதைக்கிறோம். மண்டபம், ஐயர், கூறை எல்லாம் கதைக்கிறோம். இதை மட்டும் அவள் கேட்கவே இல்லை. ஏசியிருந்தாலாவது ஒரு முடிவு தெரிந்திருக்கும். உங்களுக்கெல்லாம் எப்படி நடந்தது?

தம்பலகாமத்துப் பிள்ளை:

எங்கள் வீட்டில் ரயில் வைத்திருப்பது நான். 9 மில்லிமீற்றர் பாதை, ஒரு பழைய அலுமாரிக் கதவின் மேல். சீனக்குடாவிலிருந்து மா ஏற்றிப் போகுமே, அந்த வாகன்கள் ஆறை அட்டையில் வெட்டிச் செய்திருக்கிறேன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்.

இரண்டு வருசம் பழகின பிறகுதான் அவரிடம் காட்டினேன். குந்தியிருந்து, கண்ணைப் பாதை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று, சரியான ஆள்தான் என்று. நிமிர்ந்து, "வடிவா இருக்கு. அண்ணா செய்தவரா?" என்றார்.

என் அண்ணாவுக்குச் சுவரில் ஆணி அடிக்கத் தெரியாது.

நான்தான் என்றேன். "நீரா?" என்று சிரித்தார். பிறகு ஒரு வாகனைத் தூக்கித் திருப்பி வைத்தார், சில்லு பாதையில் இருக்கவில்லை. அது ஏன் இருக்கவில்லை என்று எனக்கே விளங்கப்படுத்தத் தொடங்கினார்! நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அவரைத்தான் கட்டினேன். நல்ல மனிசன், இப்போது ஆட்கள் வந்தால் அவரே கூட்டிப்போய்க் காட்டுகிறார். ஆனால் அந்த "அண்ணா செய்தவரா" இன்னும் காதுக்குள் நிற்கிறது.

தம்பி, அவள் ரயிலுக்குக் கோபிக்கவில்லை. வெயிலுக்குள் கடை கடையாக அலைந்ததுக்குத்தான்.

பழைய கோச்சி:

தம்பிக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். சீனக்குடாவை ஓஓவில் செய்கிறேன் என்கிறீர். நம்முடைய பாதை ஐந்தடி ஆறங்குலம், 1676 மில்லிமீற்றர். ஓஓவில் அடிக்கு 4 மில்லிமீற்றர் கணக்கு. ஆக 22 வர வேண்டும். நீர் போட்டிருப்பது 16.5. கனடா தந்த எம்2 டீசல் எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று பெயர் வைத்ததுகள், அதுகளைச் செய்து இதன் மேல் நிறுத்திப் பாரும். பெரிய மனிசன் சின்னப்பிள்ளையின் செருப்பைக் கொழுவிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். 1927இல் போட்ட பாதை இது, அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

இரண்டாவது, பலகை. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறது. எட்டுக்கு நாலை முழுசாக எந்தச் சீதன வீட்டுக் கதவாலும் கொண்டுபோக முடியாது. ஒருவர் வாசலில் வைத்து வாளால் அறுத்ததை நான் நேரில் பார்த்தேன், மாமனார் பக்கத்தில் நின்று வாள் பிடித்தார். இப்போதே நாலுக்கு இரண்டாக நாலு துண்டு போடும். போல்ட் நட்டு வைத்துப் பூட்டும். வயர் எல்லாவற்றுக்கும் துண்டு எல்லையில் பிளக் வையும். பலகையின் அடிப்பக்கத்துக்கும் பெயின்ற் அடிக்க வேண்டும், மேலே மட்டும் அடித்தால் மார்கழி ஈரத்தில் வாழையிலை போல வளையும். இரும்புத் தண்டவாளம் என்றால் தூக்கி எறிந்துவிடும், கடற்காற்றுக்கு ஒரு வருசம் தாங்காது. நிக்கல் சில்வர் துருப்பிடிக்காது, கறுக்கும். கறுத்தால் மண்கடதாசி போட்டுத் தேய்க்கிறார்கள், செய்யவே கூடாது, கீறலுக்குள்தான் ஊத்தை இன்னும் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும்.

என் கதை சின்னது. 90களில், கட்டி இரண்டாம் மாதம், கொழும்பிலிருந்து இரண்டு பேரும் பஸ்ஸில் வருகிறோம். என் பையில் 12 வோல்ட் கொன்ட்ரோலர், ஒரு சுருள் வயர், ஒரு எஞ்சின், இரண்டு துண்டுப் பாதை. மனிசிக்கு நான் சொல்லியிருக்கவில்லை. ஒரு சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். வயரைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கோச்சி, கோச்சி" என்றேன். ஆமிக்காரர் பாதையை மேசையில் பூட்டச் சொன்னார். எஞ்சினை வைத்துத் தள்ளிக் காட்டச் சொன்னார். தள்ளினேன். பயத்தில் "கூ" என்று சத்தமும் போட்டேன். பஸ் முழுக்க எட்டிப் பார்க்கிறது. மனிசி குடையைப் பிடித்தபடி நிற்கிறா.

விட்டுவிட்டார்கள். கந்தளாய் தாண்டும்வரை அவவிடமிருந்து ஒரு சொல் இல்லை. அப்புறம் யன்னலைப் பார்த்தபடியே சொன்னா: "கூ எண்டு கத்தச் சொல்லி அவன் கேக்கேல்லயே."

நிலாவெளி:

ஐயாவின் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் 16.5 பிழை என்று ஏன் புதுப் பெடியனை வெருட்டுகிறீர்கள்? 22க்குப் பாதை எந்தக் கடையில் இருக்கிறது? சிலிப்பர் கட்டை ஒவ்வொன்றாக வெட்டி, அச்சு மாற்றி, பாதை பிரிகிற பொயின்ற்ஸ் எல்லாம் கையால் செய்து... அவன் கல்யாணம் கட்டுகிறதா வேண்டாமா? ஓஓவே பிறப்பிலேயே பிழை. பிரித்தானிய எஞ்சின் சின்னது, மோட்டார் உள்ளே போகவில்லை என்று உடம்பை மட்டும் பெருப்பித்துப் பழைய பாதையிலேயே விட்டார்கள். அவர்களுடைய நாலடி எட்டரை அங்குலப் பாதை ஓஓவில் நாலடி ஒன்றரை. அவர்கள் ஓட்டவில்லையா? நாமும் ஓட்டுவோம்.

என் விசயத்தில் எனக்குச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. பேச்சுக்கால் நேரம் அம்மா முந்திவிட்டா. "தம்பிக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை, ரயில் மட்டும்தான்." பெண் வீட்டார் முகம் மலர்ந்தது. நான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு நல்ல மனிசரா என்று உருகிப்போனேன். மாமா கிட்ட வந்து குனிந்து கேட்டார்: "பென்சன் இருக்குத்தானே தம்பி?"

ரயில்வே உத்தியோகம் என்று நினைத்திருக்கிறார்கள். நான் போன் கடை வைத்திருக்கிறேன். சம்பந்தம் சரிவந்தது, அது வேறு. ஆனால் மாமா இன்றைக்கும் கொழும்புக்குப் போக டிக்கெற் எடுத்துத் தரச் சொல்லி எனக்குத்தான் கோல் எடுப்பார்.

பழைய கோச்சி:

கடையில் இல்லை என்றால் செய்ய வேண்டும். நான் 22இல் கையாலேயே பாதை போட்டிருக்கிறேன். மூன்றடி. நாலு வருசம் பிடித்தது.

நிலாவெளி:

மூன்றடியில் ரயில் எங்கே போகும் ஐயா? வெளிக்கிட முன்னம் வந்து சேர்ந்துவிடும்.

தம்பலகாமத்துப் பிள்ளை:

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெடியன் பாதை அகலம் கேட்கவில்லை.

உவர்மலைப் பெடியன்:

நேற்றுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டேன். அக்காவின் மகனுக்கு என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். "தெரியும்" என்றாள். அவ்வளவுதான். பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கோணேசர் மலையைக் காட்டி, "இது என்ன, கேக்கா?" என்றாள். இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை, ரெஜிஃபோம் வெள்ளையாகத்தான் நிற்கிறது. கேக் என்ற சொல் வந்ததும் இரண்டு பேருக்கும் அந்தப் பிறந்தநாள் ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

பிறகு கைப்பையைத் திறந்தாள். அந்தச் சிவப்பு ரயில். அக்காவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். மூலைக்குப் புது செலோடேப்பும் ஒட்டியிருந்தாள். "அவருக்கு டைனோசர் வாங்கிக் குடுத்திட்டன். இதை நீங்களே வச்சிருங்கோ. உங்கட பாதையில இதுவும் ஓடும்தானே?"

"ஓம், ஓடும்" என்றேன்.

அவள் போன பிறகு அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். சில்லுக்குச் சில்லு 31 மில்லிமீற்றர். பழைய கோச்சி ஐயா, அந்த மூன்றடிப் பாதையைக் கையால் எப்படிப் போட்டீர்கள் என்று கொஞ்சம் விபரமாக எழுதுவீர்களா? ஆவணிக்கு முன்னம் வேண்டும்.