சம்சாரிக்க ஒரு சம்சாரம்: கதையில் சந்தித்த இயந்திரக் காதல், எல்லையோர அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை பால் சொசைட்டி:

பாலக்காட்டு எல்லையில், எங்கள் பக்கம் ‘சம்சாரம்’ என்ற சொல்லை யோசித்துத்தான் வாயில் எடுக்க வேண்டும். தமிழில் அது மனைவி, மலையாளத்தில் பேச்சு. எனக்குக் கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்த ஒரு மலையாளி ஆபீசர், நான் வளவளவென்று பேசுவதைப் பார்த்து, “இவர்க்கு சம்சாரம் கொறச்சு கூடுதலா” என்று சிரித்தார். உடுமலையிலிருந்து வாழ வந்த என் மனைவி அடுப்படியில் டம்ளரை வைத்த சத்தம் வாசல்வரை கேட்டது. அன்று ராத்திரி முழுக்க மலையாள இலக்கணம் நடத்தவேண்டியதாகிவிட்டது.

போன மாதம் அக்கா மகன் மொட்டை மாடியில் யாரோடோ குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தான். “யார்றா புள்ள?” என்றேன். “புள்ள இல்ல மாமா, ஆப்பு. சம்சாரிக்கறதுக்கு மட்டும்” என்றான். எனக்கு முதலில் வேறு ஆப்பாகத்தான் காதில் விழுந்தது. போனுக்குள் இருந்து பேசும் இயந்திரம் என்று புரிந்தபிறகு தூக்கம் வரவில்லை. இதையெல்லாம் நாம் ஏற்கெனவே கதைகளில் பார்த்துவிட்டோமே என்று தோன்றியது. அதனால் கேட்கிறேன்: இயந்திரக் காதலனையோ காதலியையோ நீங்கள் முதலில் சந்தித்தது எந்தக் கதையில்? கதைச் சுருக்கம் மட்டும் வேண்டாம், உங்களுக்கு என்ன ஆனது என்றும் சொல்லுங்கள்.

நானே தொடங்குகிறேன். சுஜாதாவின் ஜீனோவைத் தொடராகப் படித்தவன் நான். இயந்திர நாய் பேசும், கிண்டலடிக்கும், சரி. காதலிக்கும் இயந்திரத்தைப் பார்த்தது 2010 அக்டோபரில், பொள்ளாச்சித் தியேட்டரில், ‘எந்திரன்’. கதாநாயகி சனாவைக் கடித்த கொசுவை ரோபோ சிட்டி தேடிப் பிடித்துக் கொண்டுவரும் காட்சியில் என் மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். “கொசுவத்தி வாங்கிட்டு வரச் சொல்லி மூணு நாளாச்சு.”

ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டும்போது அவள் கேட்டது வேறு. பிரசவத்துக்கு உதவியதற்காகச் சனா நன்றியாகக் கொடுத்த முத்தத்தைச் சிட்டி காதல் என்று எடுத்துக்கொள்கிறது. “அதுக்கு உணர்ச்சியக் குடுத்தது அத உருவாக்குன ஆளு. குடுத்துட்டு, அது ஆசைப்பட்டதும் வெட்டிக் குப்பைல போடுறதாமா? பெத்தவன் இப்படிச் செஞ்சா ஊரு சும்மா விடுமா?” எனக்கு அன்றும் பதில் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

நகரி விசைத்தறி:

அண்ணா, அதே படத்தை நான் முதலில் தெலுங்கில் பார்த்தேன். அங்கே பெயர் ‘ரோபோ’. தெலுங்கில் ‘சிட்டி’ என்றால் சின்னது, செல்லம். எங்கள் பாட்டி என்னை இன்றும் சிட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். அதனால் கடைசியில் அது நூற்றுக்கணக்கில் பெருகி ஊரையே அழிக்கும்போதுகூட எனக்குப் பயமே வரவில்லை. நம்ம வீட்டுப் பையன் கெட்டுப்போய்விட்டானே என்ற வருத்தம்தான்.

பிறகு டிவியில் தமிழில் பார்த்தேன். முகம் ஒன்று, குரல் வேறு, ஆளே வேறு என்று ஆகிவிட்டது. வீட்டில் தமிழ், தறிக்கூடத்தில் பாதிப் பாதி, பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவனுக்கு ஒரு சந்தேகம். ஒரு இயந்திரம் என்னைக் காதலிக்கிறேன் என்று சொன்னால், எந்த மொழியில் சொன்னால் நம்புவேன்? சித்தூர்ப் பக்கம் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சித்தூர்க் கல்லூரி மாணவி:

நானும் சித்தூர்தான் அண்ணா, ஆனால் பாலக்காட்டுச் சித்தூர். உங்கள் ஆந்திரச் சித்தூருக்குப் போகவேண்டிய பார்சல் ஒன்று எங்கள் ஹாஸ்டலில் நான்கு நாள் கிடந்தது. திறக்கவில்லை, சத்தியம்.

என்னுடைய முதல் சந்திப்பு சினிமாவில் இல்லை, பகவதி கோயில் கூத்துமாடத்தில். எங்கள் ஜில்லாவில் தோல்பாவைக்கூத்தில் பாடுவது கம்பன் பாட்டு, தமிழ்ப் பாட்டு. திரைக்குப் பின்னால் விளக்கு வரிசை, முன்னால் விடிய விடிய ராமாயணம். அதில் இந்திரசித்து அனுமனின் கண் முன்னால் மாயாசீதையை வெட்டுவான். வெட்டுப்பட்டது செய்த சீதை, அழுவது நிஜ அனுமன். தோலில் செய்த பாவை, அதற்குள் மாயையில் செய்த சீதை என்று எனக்கு எட்டு வயதில் தலை சுற்றியது. இப்போது அந்தப் பாவைகளை இயந்திரக் கைகளால் ஆட்டிப் பார்க்கவும் தொடங்கிவிட்டார்களாம். மூன்றாவது அடுக்கு!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், “பொம்மைக்காக யாராவது அழுவாங்களா?” என்றேன். “பொம்மப் பொண்டாட்டி என்ன புதுசா? ராமனே வச்சிருந்தான்” என்றாள். கூத்தில் வராத உத்தரகாண்டத்துக் கதை அது. யாகத்துக்குப் பக்கத்தில் மனைவி வேண்டும், காட்டுக்கு அனுப்பியவளைக் கூப்பிட முடியாது, அதனால் தங்கத்தில் சீதை. “தங்கம் எதிர்த்துப் பேசாதில்ல?” என்று பாட்டி வெற்றிலையைத் துப்பினாள்.

கல்லூரியில் ஹாஃப்மனின் ‘மணல்மனிதன்’ படித்தபோது பாட்டியின் குரல்தான் கேட்டது. 1816இல் வந்த ஜெர்மன் கதை. நத்தானியேல் என்பவன் ஒலிம்பியா என்ற பொறிப்பாவையிடம் மயங்குகிறான். அவன் எத்தனை கவிதை படித்தாலும் அவள் “ஆ, ஆ” என்று மட்டும் சொல்வாள். என்னை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டவள் உண்டா என்று உருகுகிறான். அதற்கு முன்னாலேயே, கவிதை பிடிக்கவில்லை என்று சொன்ன நிஜப் பெண் கிளாராவை ‘உயிரில்லாத இயந்திரம்’ என்று திட்டியும் இருக்கிறான்!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதன் பிறகு வருகிறது. குட்டு வெளிப்பட்டதும் ஊரிலுள்ள காதலர்களுக்கெல்லாம் சந்தேகம் பிடித்துவிடுகிறது. தங்கள் காதலி பாவை இல்லை என்று உறுதிசெய்ய, கொஞ்சம் தாளம் தப்பி ஆடு, தாளம் தப்பிப் பாடு என்று கேட்கிறார்கள். இதைப் படித்த அன்று அம்மாவுக்குப் போன் செய்து, இனிமேல் நீங்கள் பாடுவதைக் கேலி செய்யமாட்டேன் என்று சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

நம்மிடம் இதற்குத் தலைகீழான காட்சியும் இருக்கிறது. மணிமேகலை பளிக்கறை என்ற பளிங்கு அறைக்குள் ஒளிந்திருக்கும்போது, அவளை விரும்பும் இளவரசன் உதயகுமரன் அவள் உருவைப் பார்த்து, இதைச் செய்த கலைஞனின் உள்ளமே உள்ளம் என்று வியப்பான். அப்புறம்தான் அது அவளே என்று தெளிவான். பாவையைப் பெண் என்று நினைத்தவன் அங்கே, பெண்ணைப் பாவை என்று நினைத்தவன் இங்கே. இரண்டு பேரிடமும் எனக்குக் கோபம்தான்.

வாளையார் டீச்சர்:

பெண்ணே, கோபத்தைக் கொஞ்சம் ஆற்றிக்கொள். இயந்திரம் ஆணாக வரும் கதைகளும் உண்டு.

அசிமோவ் 1951இல் எழுதிய ஒரு சிறுகதையை, கல்யாணமாகி இரண்டாவது வருடம் படித்தேன். கணவன் வெளியூர் போயிருக்கும்போது கிளேர் என்ற பெண்ணின் வீட்டுக்குச் சோதனைக்காக டோனி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். பார்க்க அழகான ஆண். வீட்டை மாற்றுகிறான், அவளுடைய உடையை, நடையை, தைரியத்தை மாற்றுகிறான். கடைசி நாள் அக்கம்பக்கத்துப் பெருமைக்காரப் பெண்கள் விருந்துக்கு வரும் நேரத்தில், ஜன்னல் திரையைத் திறந்தே வைத்துவிட்டு அவளை அணைத்துக்கொள்கிறான். அவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே! மனிதருக்குத் தீங்கு வரவிடக் கூடாது என்பது அவனுக்கு முதல் விதி. தன்னைத்தானே தாழ்வாக நினைப்பதும் தீங்குதான் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். அவனுக்குக் காதல் இல்லை, கணக்குத்தான். அவளுக்குத்தான் காதல் வந்துவிடுகிறது.

நான் படித்து முடித்துவிட்டு அழுதேன். அந்த வயசு அப்படி. இப்போது டோனி கிடைத்தால் முதலில் பரணைத் துடைக்கச் சொல்வேன்.

நகரித் தம்பி கேட்ட மொழி விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் வந்த ‘ஐ’ம் யுவர் மேன்’ ஜெர்மன் படம் பாருங்கள். பெர்லினில் ஆப்பெழுத்து என்ற பழங்கால எழுத்தை ஆராயும் ஆல்மாவிடம், அவளுக்கென்றே செய்த டாம் என்ற இயந்திர ஆணை 3 வாரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். டாம் பேசும் ஜெர்மனில் இங்கிலீஷ்காரன் சாயல் இருக்கும். அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நம்மவர் கொச்சைக்கு அங்கேதான் மரியாதை! என் வீட்டுக்காரர் பாலக்காட்டுத் தமிழில் பேசியதைக் கேட்டுத்தான் நானும் தலையாட்டினேன். அவருக்கு அதை இதுவரை சொல்லவில்லை.

கொல்லங்கோடு மருமகள்:

டீச்சர், நான் கதையில் பார்த்ததைவிட வீட்டில் பார்த்ததுதான் முதல்.

என் மாமனார் 1980களில் மஸ்கட்டில் இருந்தார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அதனால் லீவில் வரும் யாரிடமாவது கேசட் கொடுத்து அனுப்புவார். வரவேண்டியது கடிதம், வந்தது குரல். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மாமனார் திரும்பி வந்து வருடக்கணக்காகியிருந்தது. ஆனாலும் மத்தியானம் அவர் தோப்புக்குப் போனதும் அத்தை பழைய டேப் ரெக்கார்டரை அடுப்படி ஜன்னலில் வைத்துப் போடுவார்.

மாமனார் கேசட்டில் ஒரு வேலை செய்திருப்பார். ஒன்று கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டு நிறுத்துவார். “சாப்ட்டியா?” அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும். அத்தை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, “இன்னும் இல்ல, கொழம்பு கொதிக்குது” என்பார். “மாங்கா இந்த வருசம் எப்படி?” மறுபடி ஃபேன் சத்தம். கேள்வி ஒன்றுதான், கேசட் ஒன்றுதான். ஆனால் பதில் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு வருடம் “பூவெல்லாம் மழைல போச்சு” என்பார். அடுத்த வருடம் “மாம்பழத்துக்குப் பேர்போன முதலமடைக்காரங்களே நம்ம தோப்பப் பாத்துட்டுப் போனாங்க” என்பார்.

இதை எல்லாம் பார்த்தபிறகுதான் ‘ஹெர்’ பார்த்தேன். 2013இல் வந்தது. அடுத்தவர்களுக்காகக் காதல் கடிதம் எழுதிக் கொடுக்கும் தியோடர், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சமந்தா என்ற குரலிடம் மனதைக் கொடுக்கிறான். ஒரு கட்டத்தில், இப்போது வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்பான். 8,316 பேரோடு என்பாள். அதில் எத்தனை பேரைக் காதலிக்கிறாய்? 641. என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தையின் கேசட்டில் இருந்தவர் ஒரே ஆளோடுதான் பேசினார், அதுவும் ஒரே 60 நிமிஷம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஊருக்கு வந்த மாமனார் வாயைத் திறக்கவே மாட்டார். சாப்பாடு நன்றாக இருந்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். சண்டை வந்தால் அத்தை சொல்வது இதுதான்: “கேசட்டுலயாவது பேசுனீங்க!” அவர் அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவார். போனதும் டேப் ஓடும்.

மீனாட்சிபுரம் எலெக்ட்ரீஷியன்:

எனக்குக் கதை அவ்வளவு தெரியாது, சர்வீஸ் தெரியும். ஜப்பானில் ஒருவர் 2018இல் ஒரு பாட்டுக்காரப் பொம்மை உருவத்தைக் கல்யாணமே செய்துகொண்டார். கண்ணாடிக் குழலுக்குள் ஒளியாக நின்று பேசும். 2020இல் அந்தக் குழலுக்கான சேவையை நிறுத்திவிட்டார்கள். அதோடு பேச்சு நின்றது. உருவம் இருக்கிறது, குரல் இல்லை.

சினிமாக்காரர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. காதல் வருகிறது, சண்டை வருகிறது, ஊரே எரிகிறது. ஸ்பேர் பார்ட் வருவதில்லை என்று ஒருவனும் அழுவதில்லை. எனக்கு வரும் கிராக்கியில் பாதி, கம்பெனி கைவிட்ட பொருளைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள்தான். செத்துப்போன அப்பா வாங்கியது, எப்படியாவது ஓடவையுங்கள் என்பார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் கூலி கேட்க வாய் வராது. கேட்டுவிடுவேன், அது வேறு.

கொல்லங்கோட்டு அக்கா, அந்த டேப் ரெக்கார்டர் இன்னும் ஓடுகிறதா?

கொல்லங்கோடு மருமகள்:

மூன்று மாதமாகக் குரல் இழுத்து இழுத்து வருகிறது தம்பி. மாமனார் போன வருடம் தவறிவிட்டார். கேசட் இழுப்பதால் அத்தை பதிலையும் மெதுவாகச் சொல்கிறார்.

மீனாட்சிபுரம் எலெக்ட்ரீஷியன்:

பெல்ட் தளர்ந்திருக்கும் அக்கா. ஹெட்டில் அழுக்கும் இருக்கும், ஸ்பிரிட்டில் துடைத்தால் சரியாகிவிடும். பெல்ட் நான் வேறு செட்டிலிருந்து எடுத்துப் போடுகிறேன். அதுவரை போடச் சொல்லாதீர்கள், டேப்பைத் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரவா? கேசட்டை ஒரு காப்பியும் எடுத்துவிடலாம். இடையில் வரும் ஃபேன் சத்தத்தை வெட்டட்டுமா?

கொல்லங்கோடு மருமகள்:

ஞாயிறு வாங்க தம்பி, சாப்பாடு இங்கேதான். ஃபேன் சத்தத்தில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.