இரண்டு கோப்புறைகளிலும் ஒரே டாம்கேட் பதிப்பு, பிழைப் பக்கத்தில் வேறு எண்: எதை நம்புவது?

கிண்டி_கணினியாள் கேட்டது:

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சரக்கு இருப்பு மென்பொருள், உபுண்டு சர்வர் ஒன்றில், ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் என்னும் நிரலின் மேல் ஓடுகிறது. அதை நிறுவியவர் ஒரு வரி கூட எழுதி வைக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது தணிக்கைக்கு வந்தவர்கள், டாம்கேட்டின் பதிப்பு எண் என்ன, 2020இல் வெளிவந்த கோஸ்ட்கேட் என்னும் பாதுகாப்புக் குறை அதில் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்ற இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் கேட்டிருக்கிறார்கள்.

சர்வரில் 'டாம்கேட்', 'டாம்கேட்-நியூ' என இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன. இரண்டிலும் 'பின்' (bin) என்னும் உட்கோப்புறைக்குள் சென்று, பதிப்பு எண்ணைச் சொல்லும் வெர்ஷன் ஸ்கிரிப்டை இயக்கினேன், இரண்டுமே 9.0.65 என்று சொல்கின்றன. ஆனால் இல்லாத ஒரு முகவரியை உலாவியில் தட்டினால் வரும் 404 பக்கத்தின் அடியில் 8.5.34 என்று இருக்கிறது. லாரியில் சரக்கு ஏற்றுவதற்கான சீட்டு இந்த மென்பொருளிலிருந்துதான் அச்சாகிறது என்பதால், பகலில் சர்வரை நிறுத்திப் பார்க்கவும் வழியில்லை. எந்த எண்ணை எழுதிக் கொடுப்பது?

தரமணி_இரவுப்பணி எழுதியது:

வெர்ஷன் ஸ்கிரிப்ட் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதாக நினைக்கும் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த ஸ்கிரிப்ட் தானாக எதையும் ஆராய்வதில்லை. டாம்கேட்டின் மையக் கூறான கேட்டலினாவின் ஸ்கிரிப்டை அழைக்கிறது. அது கேட்டலினா_ஹோம் என்னும் சூழல் மாறி (நிரல்கள் படிப்பதற்காகக் கணக்கில் அமைத்து வைக்கும் மதிப்பு) காட்டுகிற இடத்தில் உள்ள கேட்டலினா ஜார் கோப்பை (ஜாவா நிரல்களின் கட்டுக் கோப்பு) திறந்து, அதிலுள்ள எண்ணை அச்சிடுகிறது. மாறிக்கு மதிப்பு இல்லாதபோதுதான், தான் இருக்கும் கோப்புறையை வைத்து அது இடத்தைத் தீர்மானிக்கும். உங்கள் பயனர் கணக்கில் யாரோ அந்த மாறியைப் புதிய கோப்புறைக்கு அமைத்து வைத்திருந்தால், பழைய கோப்புறைக்குள் நின்றுகொண்டு இயக்கினாலும் புதியதன் எண்தான் வரும்.

மறுபடி ஒருமுறை இயக்கி, பதிப்பு எண்ணுக்கு மேலே வரும் வரிகளைப் படியுங்கள். 'யூசிங் கேட்டலினா_ஹோம்' என்று தொடங்கும் வரியில் எந்தப் பாதை இருக்கிறது என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். நம்மில் பெரும்பாலோர் கண்ணை நேராக எண்ணுக்குக் கொண்டுபோய், அந்த வரியைத் தாண்டிவிடுகிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் எது என்பதை, ஓடும் நிரலிடமே, அதாவது அந்தச் செயல்முறையிடமே கேட்க வேண்டும். ஓடும் செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையின் வெளியீட்டில் ஜாவா வரியைத் தேடி, அதில் 'கேட்டலினா.ஹோம்=' என்பதற்குப் பின்னால் இருக்கும் பாதையைப் பாருங்கள். அந்த வரி மிக நீளமானது. திரையின் அகலத்தில் வெட்டுப்படாமல் இருக்க டபிள்யூ விருப்பத்தை இரண்டு முறை சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குச் சர்வரை நிறுத்த வேண்டியதில்லை.

பழைய_ஜாவாக்காரர் எழுதியது:

மேலே சொன்னது சரி. பிழைப் பக்கத்தில் தெரியும் எண், ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட் தன்னைப் பற்றித் தானே சொல்வது என்பதால், இந்த வழக்கில் 8.5.34 தான் உண்மையாக இருக்க வேண்டும். ஆனாலும் அதை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சர்வர்இன்ஃபோ என்னும் பண்புக் கோப்பை மாற்றி வைத்து, விரும்பிய எந்த எண்ணையும் அங்கே காட்ட முடியும். பதிப்பை வெளியாருக்கு மறைப்பதற்காகப் பலர் இதைச் செய்கிறார்கள். அந்தக் கோப்பை ஜாருக்குள்ளேயே மாற்றியிருந்தால் வெர்ஷன் ஸ்கிரிப்டும் அதே போலி எண்ணைத்தான் ஒப்பிக்கும். ஐயம் இருந்தால் கேட்டலினா ஜார் கோப்பை அன்ஜிப் செய்து, உள்ளே இருக்கும் மேனிஃபெஸ்ட் என்னும் விவரக் கோப்பில் 'இம்ப்ளிமென்டேஷன்-வெர்ஷன்' வரியைப் பாருங்கள். அந்த மறைப்பு வேலை இந்த வரியைத் தொடுவதில்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. செயல்முறை காட்டும் பாதை ஒரு குறியீட்டு இணைப்பாக (வேறு கோப்புறையைச் சுட்டும் பெயராக) இருந்து, சர்வர் தொடங்கிய பிறகு யாராவது அந்த இணைப்பை வேறு கோப்புறைக்குத் திருப்பியிருந்தால், வட்டில் இருப்பது ஒன்று, நினைவகத்தில் ஓடுவது வேறு. ஓடும் செயல்முறைகளின் விவரங்களைக் காட்டும் ப்ராக் (/proc) கோப்புறைக்குள் அந்தச் செயல்முறையின் எண்ணைத் தேடி, அதனுள் இருக்கும், திறந்துள்ள கோப்புகளின் எஃப்டி பட்டியலைப் பார்த்தால், ஜார் கோப்புகள் உண்மையில் எந்த இடத்திலிருந்து திறக்கப்பட்டன என்பது தெரியும். நானே ஒருமுறை புதுப்பிப்பு முடிந்துவிட்டது என்று அறிக்கை கொடுத்துவிட்டு, மறுதொடக்கம் செய்ய மறந்ததால் பழையதே ஓடிக்கொண்டிருந்ததை மூன்று வாரம் கழித்து இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

தொடக்கப் பதிவில், அதாவது கேட்டலினா.அவுட் கோப்பில், சர்வர் எழுந்தபோது எழுதிய முதல் சில வரிகளில் பதிப்பு, பாதை, ஜாவா பதிப்பு மூன்றும் இருக்கும். மாதக்கணக்கில் மறுதொடக்கம் செய்யாத சர்வரில் அந்தப் பகுதி பழைய பதிவுகளோடு அழிந்து போயிருக்கலாம். இருந்தால், தணிக்கைக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

 

கிண்டி_கணினியாள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று அம்பத்தூருக்கே நேரில் சென்று பார்த்தேன். செயல்முறையின் வரியில் இருப்பது பழைய 'டாம்கேட்' கோப்புறையின் பாதை. மேனிஃபெஸ்டிலும் 8.5.34 என்றே இருக்கிறது. வெர்ஷன் ஸ்கிரிப்டின் மேல் வரியிலோ, இரண்டு முறையும் 'டாம்கேட்-நியூ' பாதைதான் நின்றது. அது இத்தனை நாளாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

அப்படியானால் கோஸ்ட்கேட் குறை இன்னும் இருக்கிறது என்றுதானே பொருள்?

தரமணி_இரவுப்பணி எழுதியது:

ஆம். அது 7.0.100, 8.5.51, 9.0.31 ஆகிய பதிப்புகளில்தான் சரிசெய்யப்பட்டது, 8.5.34 அதற்கு முந்தையது. உபுண்டுவின் சொந்தத் தொகுப்பாக நிறுவியிருந்தால், பதிப்பு எண் மாறாமலே உள்ளே ஒட்டு (குறையைச் சரிசெய்யும் சிறு திருத்தம்) போட்டிருக்கலாம் என்று வாதிட இடம் உண்டு. உங்களுடையது கையால் பிரித்து வைத்த கோப்புறை என்பதால் எண் சொல்வதே முடிவு.

குறை இருப்பது, முன்னால் நிற்கும் வலைச் சர்வர் டாம்கேட்டோடு பேசுவதற்கான ஏஜேபி இணைப்பானில். பழைய பதிப்புகளில் அது இயல்பாகவே 8009 என்னும் இணைப்புத் துறையில் (போர்ட்), எல்லா முகவரிகளுக்கும் திறந்த நிலையில் காத்திருக்கும். அதன் வழியாக வெளியாள் ஒருவர் மென்பொருளின் அமைப்புக் கோப்புகளைப் படித்துவிட முடியும். திறந்த துறைகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையால் 8009 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளை இன்றே ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். அதற்கு மறுதொடக்கம் வேண்டாம். சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்த இணைப்பானையே நீக்குவதை விடுமுறை நாளில் செய்துகொள்ளலாம்.

8.5 வரிசைக்கான ஆதரவு 2024 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. 9க்குப் போவது பெரிய சிரமமில்லை. 10இல், நிரல்கள் அழைக்கும் ஜாவா நூலகங்களின் பெயர் முன்னொட்டு ஜாவாக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தாவாக மாறிவிட்டதால், பழைய மென்பொருளை அப்படியே தூக்கி அதில் வைத்தால் ஓடாது.

கிண்டி_கணினியாள் எழுதியது:

8009 திறந்துதான் இருந்தது, அடைத்துவிட்டேன். அந்தச் சூழல் மாறி, நிர்வாகிக் கணக்கில் கட்டளைத் திரை திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசி வரியில் இருந்தது. சர்வரைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி கோப்பிலோ பழைய பாதையே இருக்கிறது. மாறியை நீக்கிவிட்டு இயக்கியபோது பழைய கோப்புறை 8.5.34 என்றும் புதியது 9.0.65 என்றும் சரியாகச் சொல்கின்றன. 'டாம்கேட்-நியூ'வின் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள், டாம்கேட்டுடன் வரும் மாதிரிச் செயலிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. பாதியில் விட்ட அந்த வேலையை, அண்மைய 9 பதிப்பைக் கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை முடிக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். தணிக்கையாளருக்கு 8.5.34 என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.